கொசு சைஸ் விமானம்... இரண்டு நாடுகளில் இரண்டு கதைகள்! - `நாட்' பிரியர்களின் முடியாத விவாதம்

கராச்சியில் உள்ள பாகிஸ்தான் விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒரு குட்டிப் போர் விமானம் நிற்கிறது. சுற்றிலும் நிற்கும் விமானங்களோடு ஒப்பிட்டால், பெரிய அண்ணன்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட கடைக்குட்டிபோல இருக்கும். உடம்பில் இந்திய விமானப்படையின் அடையாளம். வரிசை எண் IE1083 என்பதை விமானப் பிரியர்கள் `ஐ.இ. ஆயிரத்து எண்பத்து மூன்று' என்று வீட்டு நம்பர் சொல்வதுபோலச் சொல்வார்கள்.

அந்த விமானம் அங்கே எப்படிப் போனது?

பாகிஸ்தானில் கேட்டால், ``எங்கள் ஸ்டார்ஃபைட்டர் விமானத்தைப் பார்த்ததும் இந்திய விமானி சரணடைந்து தரையிறங்கிவிட்டார்'' என்பார்கள். இந்தியாவில் கேட்டால், ``வழி தவறி, எரிபொருள் குறைந்து, நம்முடைய ஓடுதளம் என்று நினைத்து இறங்கிவிட்டார்'' என்பார்கள். 60 ஆண்டுகள் ஆகிவிட்டன. பழைய விமானங்களை நேசிக்கும் கூட்டத்தில் இந்தப் பேச்சை எடுத்துப் பாருங்கள்... டீ ஆறிப்போகும், விவாதம் ஆறாது!

சினிமாப் பிரியர், கிரிக்கெட் பிரியர் மாதிரி விமானப் பிரியர் என்று ஓர் இனம் இருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அவர்கள் கொஞ்சம் விநோதமானவர்கள். 2024 அக்டோபரில் சென்னை மெரினாவில் விமான சாகச நிகழ்ச்சி நடந்தபோது, கூட்டமே ரஃபேல் எப்போது வரும் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. இவர்கள் காத்திருந்ததோ இரண்டாம் உலகப் போர் காலத்து டகோட்டாவுக்கும் ஹார்வர்டுக்கும். எஞ்சின் சத்தத்தை வைத்தே விமானத்தைச் சொல்லிவிடுவார்கள். வாலில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் விமானி, படைப்பிரிவு, போர், விபத்து என ஒவ்வொன்றாகத் தேடிப் போவார்கள். விமானப்படையில் இருந்து ஓய்வுபெற்றவர்கள், அவர்களின் பிள்ளைகள், விமானதளத்துச் சுற்றுச்சுவர் ஓரம் வளர்ந்தவர்கள், பிளாஸ்டிக் மாடல் ஒட்டும் பள்ளி மாணவர்கள் என எல்லோரும் இந்தக் கூட்டத்தில் உண்டு.

இவர்களிடம் இருக்கும் சொத்து கதைகள்தான். அந்தக் கதைகளிலேயே அதிகம் கைமாறுவது, அளவில் மிகச் சிறிய இந்த `நாட்' விமானத்தின் கதை.

மலிவாக ஒரு போர் விமானம்

`நாட்' என்றால் ஆங்கிலத்தில் கொசு மாதிரியான சின்னப் பூச்சி. பெயர் வைத்தவர்கள் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஒரு சிறகு நுனியிலிருந்து மறு சிறகு நுனிவரை சுமார் 22 அடிதான். நீளம் 29 அடிக்கும் குறைவு. நடுத்தர வீட்டின் ஹாலையும் படுக்கையறையையும் சேர்த்தால் உள்ளே நிறுத்திவிடலாம்!

இங்கிலாந்தின் ஃபோலண்ட் நிறுவனத்தில் இதை வடிவமைத்தவர் டெடி பெட்டர். 1950-களில் போர் விமானங்கள் ஆண்டுக்கு ஆண்டு கனமாகிக்கொண்டே போயின. கனம் கூடக் கூட விலையும் ஏறியது. `ஒரு பெரிய விமானத்துக்கு ஆகும் செலவில் பல சின்ன விமானங்கள் செய்யலாமே' என்பது பெட்டரின் கணக்கு. 1955 ஜூலையில் நாட் முதன்முதலாகப் பறந்தது. தேவையில்லாத எதுவும் அதில் கிடையாது. வேகத்தைக் குறைக்கத் தனியாக ஏர்-பிரேக்கூட வைக்கவில்லை. இறங்கும் சக்கரங்களையே பறக்கும்போது பாதி இறக்கி, பிரேக்காகப் பயன்படுத்தினார்கள். வீட்டுச் செலவைச் சிக்கனமாகப் பார்க்கும் அம்மாக்களுக்கு பெட்டரைப் பிடித்துப்போகும்.

பெட்டர் கதையே தனி. இந்திய விமானப்படை பயன்படுத்திய லைசாண்டர், கான்பெரா ஆகிய விமானங்களின் வடிவமைப்பும் அவரிடம்தான் பிறந்தது. நாட் வெற்றிபெற்ற சில ஆண்டுகளில் விமானத் துறையையே உதறிவிட்டு, சுவிட்சர்லாந்தில் ஓர் ஆன்மிகக் குழுவோடு வாழப் போய்விட்டார். போர் விமானம் செய்தவர் அமைதியைத் தேடிப் போன அந்தக் கதையைப் பிரியர்கள் சொல்லும்போது, குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வார்கள்.

பிரிட்டன் நாட்டைச் சண்டைக்கு வாங்கவில்லை. இரண்டு பேர் அமரும் பயிற்சி விமானமாகத்தான் எடுத்துக்கொண்டது. புகழ்பெற்ற `ரெட் ஏரோஸ்' சாகசக் குழு 1965 முதல் 1979 வரை பறந்தது அந்தப் பயிற்சி நாட்களில்தான். ஃபின்லாந்து 13 வாங்கியது. சண்டை விமானமாக அதை முழுமையாக நம்பிய நாடு இந்தியா மட்டுமே. பெங்களூரு ஹெச்.ஏ.எல் தொழிற்சாலையில் உரிமம் பெற்று இங்கேயே செய்யத் தொடங்கினோம். (1991-ல் வந்த `ஹாட் ஷாட்ஸ்' என்ற ஹாலிவுட் காமெடிப் படத்தில் வரும் போர் விமானங்களும் நாட்தான். சீரியஸான விமானத்துக்கு இப்படியும் ஒரு புகழ்!)

நாட் ஒன்றும் சாதுப் பிள்ளை இல்லை. கட்டுப்பாட்டு அமைப்பில் கோளாறு வரும். இரண்டு 30 மி.மீ பீரங்கிகளும் சமயத்தில் நடுவில் சிக்கிக்கொள்ளும். அதை ஓட்டியவர்களுக்கு அதன்மேல் அன்பும் பயமும் சரிபாதி. ஆனால் வானத்தில் அது திரும்பும் வேகமும், எதிரியின் கண்ணுக்கு எளிதில் சிக்காத அதன் சின்ன உருவமும் அதைக் காப்பாற்றின.

1965 செப்டம்பர் 3

செப்டம்பர் 1-ம் தேதி ஜம்முவின் சம்ப் பகுதியில் இந்தியாவின் பழைய வேம்பயர் விமானங்கள் நான்கு, ஒரே மாலையில் வீழ்ந்தன. பாகிஸ்தானிடம் இருந்ததோ அமெரிக்கத் தயாரிப்பான சேபர். எடையில் நாட்டைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். சிலவற்றில் சைடுவைண்டர் ஏவுகணைகளும் உண்டு. உடனடியாக நாட் விமானங்கள் பதான்கோட் தளத்துக்கு வரவழைக்கப்பட்டன.

3-ம் தேதி காலை ஒரு பொறி வைக்கப்பட்டது. நான்கு மிஸ்டியர் விமானங்கள் ரேடாரில் நன்றாகத் தெரியும்படி உயரத்தில் பறந்தன. அவைதான் தூண்டிலில் மாட்டிய புழு. நாட்களோ மரங்களை உரசுவதுபோலத் தாழ்வாக, ரேடார் கண்ணில் படாமல் போயின. சேபர்களும் ஸ்டார்ஃபைட்டரும் மிஸ்டியர்களைத் தேடி வந்தபோது நாட்கள் மேலே எழும்பின.

அந்தச் சண்டையில் ஸ்குவாட்ரன் லீடர் ட்ரெவர் கீலர் ஒரு சேபரின் பின்னால் போய்ச் சுட்டார். அது நிலைகுலைந்து கீழ்நோக்கிச் சாய்வதைப் பார்த்தார். சுதந்திர இந்தியாவின் விமானப்படை வானத்தில் வீழ்த்திய முதல் எதிரி விமானம் என்று அது கொண்டாடப்பட்டது. கீலருக்கு வீர் சக்ரா விருது கிடைத்தது. நாட்டுக்கு `சேபர் ஸ்லேயர்' என்ற பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது.

இப்போது எல்லைக்கு அந்தப் பக்கம் போவோம். அந்த சேபரை ஓட்டியவர் ஃப்ளைட் லெப்டினென்ட் யூசுஃப் அலி கான். விமானம் பலத்த சேதம். ஆனால் அது விழவில்லை. தள்ளாடித் தள்ளாடித் தளத்துக்கு வந்து இறங்கிவிட்டார். அவருக்கு பாகிஸ்தான் `சிதாரா-எ-ஜுர்அத்' விருது கொடுத்தது. ஒரே சண்டை... சுட்டவருக்கும் விருது, சுடப்பட்டும் தப்பி வந்தவருக்கும் விருது!

அதே காலையில், அதே அணியில் பறந்தவர்தான் ஸ்குவாட்ரன் லீடர் பிரிஜ்பால் சிங் சிகந்த். சண்டையின் குழப்பத்தில் தனியாகப் பிரிந்துபோனார். கீழே ஓர் ஓடுதளம் தெரிந்தது. இறங்கினார். அது பாகிஸ்தானின் பஸ்ரூர். அவர் போர்க்கைதியானார். இங்கிலாந்தில் ஏற்கெனவே நாட் ஓட்டிப் பழகியிருந்த பாகிஸ்தான் விமானி சாத் ஹாத்மி, அந்த விமானத்தை அங்கிருந்து சர்கோதாவுக்கு ஓட்டிச் சென்றார். இன்று கராச்சியில் நிற்பது அதுதான். சிகந்த் போருக்குப் பின் விடுதலையாகி வந்து, விமானப்படையில் பணியைத் தொடர்ந்தார்.

பஸ்ரூர் கதையில் பாகிஸ்தான் தரப்பு சொல்லும் ஸ்டார்ஃபைட்டரை ஓட்டியவர் ஹக்கீமுல்லா. பின்னாளில் பாகிஸ்தான் விமானப்படைத் தளபதியாகவே ஆனவர். ஆகவே அங்கே அந்தக் கதைக்குக் கனம் அதிகம். ஸ்டார்ஃபைட்டர் அந்த வானத்தில் இருந்தது, நாட் பஸ்ரூரில் இறங்கியது - இந்த இரண்டையும் யாரும் மறுப்பதில்லை. முதலாவதால்தான் இரண்டாவது நடந்ததா என்பதில்தான் சண்டை. விமானத்துக்குள் தனியாக இருந்த ஒரு மனிதர் அந்த நிமிடத்தில் என்ன நினைத்தார் என்பதை வால் எண் சொல்லாதே!

மறுநாள் கதையும் இப்படித்தான். செப்டம்பர் 4-ம் தேதி நாட் விமானி பதானியா ஒரு சேபரை வீழ்த்தினார் என்கிறது இந்தியா. அன்று ஒரு சேபரை இழந்ததை பாகிஸ்தானும் ஒப்புக்கொள்கிறது. ஆனால், அது தங்கள் தரைப்படையின் குண்டு தவறிப் பட்டு விழுந்ததாகச் சொன்னது.

வால் எண் பொய் சொல்லாது

அப்படியானால் கீலர் பொய் சொன்னாரா? இல்லை. இதை விளக்கும்போதுதான் அனுபவமுள்ள விமானப் பிரியர்களின் முகம் மாறும். இரண்டு விமானங்களும் மணிக்கு பல நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகின்றன. சுடுவதற்குக் கிடைப்பது சில விநாடிகள். புகை கிளம்புகிறது, எதிரி விமானம் தரையை நோக்கிச் சாய்கிறது. அது விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தால், பின்னால் வரும் இன்னொருவன் நம்மைச் சுட்டுவிடுவான். விமானி முகத்தைத் திருப்பித்தான் ஆக வேண்டும். திருப்பிய பிறகு நடந்தது அவருக்குத் தெரியாது. உலகின் எல்லா விமானப்படைகளிலும், எல்லாப் போர்களிலும் `வீழ்த்தினோம்' என்று சொன்ன கணக்கு, உண்மையில் வீழ்ந்த கணக்கைவிட அதிகமாகவே இருந்திருக்கிறது.

இந்த இடத்தில்தான் வால் எண்ணைக் குறித்துவைக்கும் அந்த `விநோத' பழக்கத்துக்கு அர்த்தம் வருகிறது. ஒரு விமானம் உண்மையிலேயே விழுந்திருந்தால் அதற்கு ஓர் எண் இருக்க வேண்டும். அந்த எண் அதற்குப் பிறகு எந்தப் பதிவிலும், எந்தப் புகைப்படத்திலும் வரக் கூடாது. அதை ஓட்டிய விமானிக்கு ஒரு பெயர் இருக்க வேண்டும். அவர் இறந்தாரா, குதித்துத் தப்பினாரா, கைதானாரா என்று யாராவது எழுதியிருக்க வேண்டும். இதில் எதுவும் இல்லையென்றால் கணக்கு இடிக்கிறது என்று பொருள். நம் பக்கத்துக்கும் இதே அளவுகோல்தான், அந்தப் பக்கத்துக்கும் இதே அளவுகோல்தான்.

சொல்வது சுலபம். சொந்த நாட்டின் வெற்றிக் கணக்கில் ஒன்றைக் கழித்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்? `நீ எந்த நாட்டுக்காரன்?' என்ற கேள்வியை இந்த வேலையைச் செய்பவர்கள் இரண்டு பக்கமும் சந்திக்கிறார்கள். ஆனாலும் செய்கிறார்கள். பி.வி.எஸ்.ஜகன் மோகனும் சமீர் சோப்ராவும் 1965 வான் போர் பற்றி எழுதிய ஆங்கில நூல், இரண்டு தரப்புப் பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது. பாகிஸ்தானில் ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரியான கைசர் துஃபைல் இந்தப் போர்களின் வான் சண்டைகளை நிதானமாக ஆராய்ந்து எழுதிவருகிறார். இரண்டு பக்கத்துப் பிரியர்களும் ஒருவர் எழுதியதை மற்றவர் தேடிப் படிக்கிறார்கள். விசா கிடைப்பது கஷ்டமான இரண்டு நாடுகளுக்கு இடையே இப்படி ஒரு போக்குவரத்து!

கீலரின் கணக்கிலிருந்து ஒரு சேபரைக் கழித்தால் அவருடைய வீரம் குறைந்துவிடுமா என்ன? தன்னைவிடப் பெரிய விமானத்தின் பின்னால் போய்ச் சுட்டது நடந்தது. அது சண்டையை விட்டு ஓடியதும் நடந்தது. அதுவே போதும் என்பதுதான் இன்று பல இந்தியப் பிரியர்களின் தீர்ப்பு.

ஃப்ளையிங் ஆபீசர் நிர்மல் ஜித் சிங் செகோன் கதையும் இப்படிப்பட்டதே. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் தளத்தை ஆறு சேபர்கள் தாக்கியபோது, குண்டுகள் விழுந்துகொண்டிருந்த ஓடுதளத்திலிருந்தே தன் நாட்டைக் கிளப்பி மேலே போனவர் அவர். இந்திய விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே வீரர். அவர் எத்தனை சேபர்களைச் சுட்டார் என்பதில் இரு நாட்டுக் கணக்கும் ஒத்துப்போகாது. ஆனால், அவரைச் சுட்டு வீழ்த்திய பாகிஸ்தான் விமானி சலீம் பெய்க் மிர்சாவே, செகோன் போரிட்ட விதத்தைப் பின்னாளில் பாராட்டி எழுதினார். எண்ணிக்கையில் உடன்படாதவர்கள் அதில் உடன்படுகிறார்கள்.

போயிராவில் மூன்று நிமிடம்

செகோன் சண்டைக்கு மூன்று வாரம் முன்பு, போர் முறையாகத் தொடங்குவதற்கும் முன்பே, கிழக்கு எல்லையில் ஒரு மோதல் நடந்தது. 1971 நவம்பர் 22. மேற்கு வங்க எல்லையில் இருக்கும் போயிரா. கொல்கத்தா டம்டம் தளத்திலிருந்து நான்கு நாட்கள் கிளம்பின. ஓட்டியவர்கள் மாஸி, கணபதி, லாசரஸ், சோரஸ். எதிரே மூன்று சேபர்கள்.

சண்டை நீடித்தது மூன்று நிமிடம்கூட இல்லை. எதிரி விமானத்தைச் சுட்டுவிட்டேன் என்பதற்கான சங்கேத வார்த்தையை ரேடியோவில் கணபதி மூன்று முறை கத்தினார்: `மர்டர், மர்டர், மர்டர்!' லாசரஸ் மிக நெருக்கத்தில் சுட்டதில், வெடித்த சேபரின் துண்டுகள் அவருடைய நாட்டின் மூக்கிலேயே வந்து பட்டன. இந்தியா மூன்று சேபர் என்று அறிவித்தது. இரண்டுதான் விழுந்தன. மூன்றாவது அடிபட்ட நிலையில் டாக்கா போய்ச் சேர்ந்துவிட்டது. (ஆமாம், மறுபடியும் அதே கணக்குத் தகராறு!) நாட் விமானிகளில் மூவருக்கு வீர் சக்ரா கிடைத்தது.

விழுந்த இரண்டு சேபர்களின் விமானிகளும் பாராசூட்டில் குதித்து இந்தியப் பக்கத்தில் பிடிபட்டார்கள். அவர்களில் ஒருவர் ஃப்ளைட் லெப்டினென்ட் பர்வேஸ் மெஹ்தி குரேஷி. தலையில் காயம். கோபத்தில் இருந்த நம் வீரர்கள் அவரைத் தாக்கப் போக, தடுத்தவர் கேப்டன் எச்.எஸ்.பனாக். காயத்துக்கு முதலுதவி செய்யச் சொன்னார், டீ கொடுக்கச் சொன்னார். பனாக் பின்னாளில் லெப்டினென்ட் ஜெனரல் ஆனார். அந்த நாளைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார்.

நாட் விமானம் 1970-களின் இறுதியில் விடைபெற்றது. அதை மேம்படுத்தி ஹெச்.ஏ.எல் செய்த வாரிசுக்குப் பெயர் `அஜீத்'. வெல்ல முடியாதவன் என்று பொருள். (தமிழ்நாட்டில் அந்தப் பெயருக்கு வேறு முகம் ஞாபகம் வந்தால் தப்பில்லை.) அதுவும் 1991-ல் ஓய்வுபெற்றுவிட்டது. ஓட்டியவர்களுக்கும் வயதாகிவிட்டது. ட்ரெவர் கீலர் 2002-ல் காலமானார். அவரைப் போலவே 1965 போரில் வீர் சக்ரா பெற்ற சகோதரர் டென்ஸில் கீலர் 2024-ல் போய்ச் சேர்ந்தார். ஓட்டியவர் வாயால் கேட்கும் கதை இனி அபூர்வம். எஞ்சியிருப்பது வாலில் எழுதிய எண்ணும், யாரோ எப்போதோ குறித்துவைத்த நோட்டும்தான்.

பிரியர்கள் கூடும் இடத்தில் கடைசியாக எப்போதும் வருவது லாசரஸின் கடிதக் கதை. டொனால்டு லாசரஸ் ஓய்வுக்குப் பிறகு நம் குன்னூரில் குடியேறினார். 1997-ல் பாகிஸ்தான் விமானப்படைக்குப் புதிய தளபதி நியமிக்கப்பட்டார். பெயர், பர்வேஸ் மெஹ்தி குரேஷி. போயிராவில் தலையில் காயத்தோடு பிடிபட்ட அதே குரேஷி!

செய்தியைப் பார்த்த லாசரஸ் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். பதவிக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு, நாம் இருவரும் ஒருமுறை வானத்தில் சந்தித்திருக்கிறோம் என்பதையும் ஞாபகப்படுத்தினார். பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

வந்தது. வாழ்த்துக்கு நன்றி சொல்லியிருந்த குரேஷி, அன்று இந்திய விமானிகள் பறந்த விதத்தைப் பாராட்டியிருந்தார்.